முதுமைப் பேணலும் வரி விபரத்திரட்டும்

விழா மலரிலே தமிழாசிரியர் ஒருவர் எழுதும் கட்டுரை எதைப் பற்றியதாயிருக்கும் என்பதை வாசகர் தலைப்பைக் காணுமுன்பே ஊகித்துவிடுவர். சங்ககாலக் கொடைச் சிறப்போ, கம்பன் கவிநயமோ, மொழித்தூய்மையோ அதன் பொருளாயிருத்தல் மரபு. இம்முறை அம்மரபினின்றும் சற்று விலகி, வருமானவரியைப் பற்றி எழுதத் துணிந்துள்ளோம். காரணம் எம் பழைய மாணவரே. பூனாகலை மலைச்சரிவுகளிலிருந்து காலைப் பனியில் நடந்துவந்து எழுத்தறிந்த பிள்ளைகள் பலர் இன்று ஐம்பதும் அறுபதும் கடந்தவர். கொழும்பிலும், நீலகிரியிலும், கனடாவிலும், ஐக்கிய அமெரிக்காவிலும் வாழ்பவர். முன்னாளில் எம்மிடம் அவர்கள் கேட்டவை புணர்ச்சி விதிகள். இந்நாளில் கேட்பவை வேறு. அவற்றுள் ஒன்று எம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

அமெரிக்காவில் வாழும் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து வந்தது அக்கேள்வி. முதுமையில் நடமாட்டம் ஒடுங்கினால் தம்மைப் பேணுவதற்கு ஆகும் செலவை ஈடுசெய்யும் ஏற்பாடொன்றைத் தமது ஆயுட்காப்புறுதிப் பத்திரத்தோடு அவர் சேர்த்திருந்தார். ஆண்டுமுடிவில் காப்புறுதி நிறுவனம் படிவமொன்றை அனுப்பியது. அதிலே அவர் ஆயிரத்துச் சொச்சம் டொலர் பெற்றதாகக் குறித்திருந்தது. “ஒரு சதமேனும் கையில் வாங்கவில்லை, சேர். வாங்காத பணத்தை வாங்கியதாக விபரத்திரட்டில் எழுதுவது எங்ஙனம்?” என்பது அவர் வினா. இலக்கணத்தில் ‘எழுவாய் யாது?’ என்று கேட்டுப் பழகிய நமக்கு, அப்பணத்தை வாங்கியவர் யார் என்னும் இவ்வினாவும் அதே இனத்தது என்றே தோன்றிற்று.

பொருளுக்குட் செல்லுமுன் சொற்களைத் தெளிந்துகொள்வோம். இஃது எம் தொழிற்குணம், வாசகர் பொறுத்தருள்க. நம் நாட்டில் வரி வாங்கும் அலுவலகத்துக்கு ‘உள்நாட்டு இறைவரித் திணைக்களம்’ என்று பெயர். ‘திணைக்களம்’ என்பது அண்மையிலே ஆக்கிய மொழிபெயர்ப்புச் சொல்லென்று எண்ணுவோர் பலர். சோழர் கல்வெட்டுகளிலே வருவாய்க் கணக்கு வைத்த அலுவலகம் ‘புரவுவரித் திணைக்களம்’ என்றே வழங்குகின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முன் தஞ்சையில் வழங்கிய சொல் இன்று பண்டாரவளைத் தெருவிலே பெயர்ப்பலகையிற் கிடக்கின்றது.

மற்றச் சொல் ‘ரைடர்’. ஆங்கிலத்தில் குதிரைமேல் ஏறிச் செல்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஓர் ஒப்பந்தத்தின்மேல் ஏறி அமர்ந்துகொள்ளும் மேலதிக உடன்படிக்கைக்கும் அப்பெயர் ஆயிற்று. நாம் இதனைத் துணைக்காப்பு என்போம். தேயிலை மலையிலே வாழ்வோர்க்கு இதனை விளக்குவது எளிது. நிழல்மரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருப்பதைக் காண்கிறோம். மரம் வேறு, கொடி வேறு. ஆயினும் கொடி நிற்பது மரத்தை நம்பி, அது உண்பதும் மரத்தின் அடிமண்ணிலுள்ள உரத்தையே. ஆயுட்காப்புறுதி மரம், துணைக்காப்பு கொடி. இறந்தபின் பயன் தருவது முன்னையது. இறவாது, எழவும் இயலாது கிடக்கும் நாளிற் பயன் தருவது பின்னையது.

இக்கொடிக்கு உரமாவது துணைக்காப்புக் கட்டணம். அதனைச் செலுத்த இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தவணைதோறும் கையிலிருந்து தனியாகக் கட்டுவது. மற்றது, பத்திரத்தினுள்ளே சேர்ந்திருக்கும் காசுப் பெறுமதியிலிருந்து நிறுவனமே மாதந்தோறும் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்வது. வெளிநாடு சென்ற எம்மவர் பலரும் இரண்டாம் வழியையே விரும்புகின்றனர். கைக்காசு குறைவதில்லை, நினைவில் வைத்திருக்கவும் வேண்டுவதில்லை. சிக்கல் பிறப்பதும் அங்கேதான். காசுப் பெறுமதி பத்திரகாரருடைய சொத்து. அதிலிருந்து எடுக்கப்பட்ட தொகை அவருக்காகவே செலவாயிற்று. எனவே அவர் தம் சொத்திலிருந்து பணத்தை எடுத்து, அப்பணத்தால் வேறொரு காப்புறுதியை வாங்கினார் என்பதே சட்டத்தின் பார்வை. கை வாங்காவிடினும் கணக்கு வாங்கியது.

அங்ஙனமாயின் அதற்கு வரி உண்டா? இக்கேள்விக்கு விடை ஒரே நாளில் பிறந்ததன்று. அமெரிக்க நாடாளுமன்றம் 1996ஆம் ஆண்டிலே, எத்தகைய நெடுங்காலப் பேணற் காப்புறுதி வரிச்சலுகைக்குத் தகுதியுடையது என்று வரையறுத்தது. உண்ணல், உடுத்தல், குளித்தல், கழிப்பறை செல்லல், படுக்கையிலிருந்து எழுந்து இருக்கை மாறல், மலசலத்தை அடக்கியாளல் ஆகிய ஆறு செயல்களுள் இரண்டையேனும் தொண்ணூறு நாளுக்குக் குறையாமல் பிறர் துணையின்றிச் செய்ய இயலாதவர், அல்லது அறிவு மங்கியதால் இடையறாத காவல் வேண்டுபவர் பேணலுக்குரியவர் என்றது அச்சட்டம். ஆறு செயல்களின் அப்பட்டியலை முதன்முதல் வாசித்தபோது, இவ்வளவு எளிய சொற்களில் முதுமையின் துன்பத்தை எந்தப் புலவன் பாடினான் என்று எண்ணினோம்.

ஆயின் காசுப் பெறுமதியிலிருந்து கழியும் கட்டணத்தை அச்சட்டம் நேரே தீர்த்துவைக்கவில்லை. பொதுவிதிப்படியே அது நடந்தது. பொதுவிதி ஆயுட்காப்புறுதிக்கு ஒன்று, ஆண்டுத்தொகை ஒப்பந்தத்துக்கு வேறொன்று. பெரும்பாலான ஆயுட்காப்புறுதிப் பத்திரங்களிலிருந்து பணம் எடுத்தால், முதலில் வெளிவருவது நாம் இட்டமுதல் என்று சட்டம் கொள்ளும்; ஆதலின் வரி உடனே எழாது. ஆண்டுத்தொகை ஒப்பந்தத்திலோ முதலில் வெளிவருவது இலாபம் என்று கொள்ளும். ஆதலின் கட்டணம் கழிந்த ஆண்டே வரியும் எழும். கண்ணாற் காணாத பணத்துக்குக் கைப்பணத்தால் வரி செலுத்தும் நிலை அது. 2006ஆம் ஆண்டின் ஓய்வூதியப் பாதுகாப்புச் சட்டம் இதனை மாற்றியது. மாற்றம் 2010ஆம் ஆண்டு தொடக்கம் நடைமுறைக்கு வந்தது. 1996ஆம் ஆண்டுக்குப் பின் எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்கு உரியது. தகுதிபெற்ற பேணற் காப்புறுதிக்காகக் காசுப் பெறுமதியிலிருந்து கழியும் கட்டணம் வருமானமாகக் கொள்ளப்படாது என்பது அதன் முதற்பாதி. பலர் இதனோடு வாசிப்பதை நிறுத்திவிடுகின்றனர்.

இரண்டாம் பாதி இது: அக்கட்டணத்தின் அளவுக்கு இட்டமுதல் குறைக்கப்படும்.

இஃது ஏன் பெரிதென்று ஒரு கணக்கால் விளக்குவோம். ஒருவர் ஆண்டுத்தொகை ஒப்பந்தமொன்றில் 100,000 டொலர் இட்டார் என்க. ஆண்டுக்கு 1,200 டொலர் துணைக்காப்புக் கட்டணமாகக் கழிகின்றது. பத்து ஆண்டில் 12,000 டொலர் கழிந்தது. பத்தாம் ஆண்டு முடிவில், எல்லாக் கழிவும் போக, ஒப்பந்தத்தின் பெறுமதி 130,000 டொலராக நிற்கின்றது. இப்போது அவர் அதனை முறித்துப் பணத்தைப் பெறுகிறார். இலாபம் எவ்வளவு? தாம் இட்டது 100,000 என்பது அவர் நினைவு. ஆதலின் இலாபம் 30,000 என்று எழுதுவார். சட்டத்தின் கணக்கிலே இட்டமுதல் 88,000 ஆகக் குறைந்துவிட்டது. இலாபம் 42,000. பத்தாண்டாக வரியில்லை என்று மகிழ்ந்த அந்த 12,000 டொலரும் பதினோராம் ஆண்டில் ஒருசேர எதிரே வந்து நிற்கின்றது. அது மன்னிக்கப்பட்ட வரியன்று, ஒத்திவைக்கப்பட்ட வரி.

எல்லார்க்கும் அது திரும்பி வருமா என்றால், இல்லை. மரம் ஆயுட்காப்புறுதியாயிருந்து, பத்திரகாரர் இறக்கும்வரை அது முறிக்கப்படாதிருந்தால், உரியவருக்குச் செல்லும் மரணத்தொகைக்குப் பொதுவாக வருமானவரி இல்லை. குறைந்த முதலைப் பற்றிய கேள்வியே அங்கு எழுவதில்லை. பேணல் வேண்டிய நிலை வந்து, துணைக்காப்பு அதற்காகப் பணம் தந்தாலும் சட்டம் இரங்குகின்றது. 2025ஆம் ஆண்டுக்கு நாளொன்றுக்கு 420 டொலர், அல்லது பேணலுக்கு மெய்யாகச் செலவான தொகை, இவற்றுள் எது மிகுதியோ அதுவரை வரியில்லை. ஆகவே ஒத்திவைத்த வரி வந்து சேர்வது, இடையில் ஒப்பந்தத்தை முறிப்பவர் தலைமீதும், ஆண்டுத்தொகை ஒப்பந்தத்தை மரபுரிமையாகப் பெறும் பிள்ளைகள் தலைமீதுமே. தந்தை காலமானபின் கட்டுக்கட்டாய்க் கிடக்கும் காகிதங்களைப் பிள்ளைகள் எரித்துவிடுகின்றனர். தந்தை எவ்வளவு இட்டார், அதில் எவ்வளவு கரைந்தது என்பது பின்னர் ஒருவருக்கும் தெரிவதில்லை.

இனி அந்தப் படிவத்துக்கு வருவோம். அதன் பெயர் 1099-ஆர். முதற் கட்டத்தில் ஆண்டுக்குள் கழிந்த கட்டணத்தின் மொத்தம் நிற்கும். வரிக்குரிய தொகையைக் காட்டும் கட்டத்தில் சுழியம் நிற்கும். ஏழாம் கட்டத்தில் ‘டபிள்யூ’ என்னும் குறியெழுத்து இருக்கும். தகுதிபெற்ற பேணற் காப்புறுதியை இணைந்த ஒப்பந்தத்தின் வழி வாங்கிய கட்டணம் இது என்பதற்கு அவ்வெழுத்தே சான்று. படிவத்தின் ஒரு படி திணைக்களத்துக்கும் செல்கின்றது. ஆகவே ‘நான் வாங்கவில்லையே’ என்று அதனைக் கிழித்தெறிவதும் தவறு. முதற் கட்டத்தை மட்டும் பார்த்து அஞ்சி, முழுத்தொகையையும் வருமானத்தோடு கூட்டி வரி கட்டுவதும் தவறு. பின்னைய தவற்றைச் செய்பவரே மிகுதி என்று எமக்குத் தோன்றுகின்றது. நம்மவர்க்கு அரசாங்கக் கடிதம் என்றாலே கட்டவேண்டிய ஏதோ ஒன்று என்னும் எண்ணம் துரைமார் காலத்திலிருந்தே ஊறிப்போயிற்று.

குறியெழுத்து இல்லாவிடின் கவனமாயிருத்தல் வேண்டும். முதுமைநோய்க்கு மரணத்தொகையின் ஒரு பகுதியை முன்கூட்டித் தரும் துணைக்காப்புகளும் சந்தையில் உண்டு. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆயினும் சட்டத்தின் 7702பி என்னும் பிரிவுக்கு அமைந்ததே மேற்சொன்ன சலுகைக்கு உரியது. பத்திரத்தின் சிறிய எழுத்துகளில் அவ்விலக்கம் உண்டா என்று தேடிப் பார்ப்பது நன்று. இன்னொன்று. தனியாக எழுதப்பட்ட பேணற் காப்புறுதிக்குக் கையிலிருந்து கட்டும் கட்டணத்தை மருத்துவச் செலவோடு சேர்த்துக் கழிவு கேட்க இடமுண்டு. வயதுக்கேற்ப அதற்கு எல்லை உண்டு. 2025ஆம் ஆண்டுக்கு நாற்பது வயதுக்கு உட்பட்டவருக்கு 480 டொலர், எழுபதைக் கடந்தவருக்கு 6,020 டொலர். மருத்துவச் செலவின் மொத்தம் வருமானத்தின் ஏழரை விழுக்காட்டைக் கடந்தபின்னரே கழிவு கிட்டும். காசுப் பெறுமதியிலிருந்து கழிந்த கட்டணத்துக்கோ இக்கழிவு அறவே இல்லை. வருமானமென்று கொள்ளாத பணத்தைச் செலவென்றும் கொள்ளோம் என்பது சட்டத்தின் நியாயம். அதிற் குறைகூற இடமில்லை.

அம்மாணவருக்கு நாம் எழுதிய மறுமொழி சுருக்கமானது: படிவத்தைத் திரட்டிற் காட்டுக, வரிக்குரிய தொகை சுழியம் என்று எழுதுக, ஆண்டுதோறும் வரும் ‘டபிள்யூ’ப் படிவங்களைப் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டி வைக்க, கூட்டுத்தொகையை மேலுறையில் எழுதுக, உமது பிள்ளைகளுக்கு அதன் பொருளைச் சொல்லிவைக்க. ஐயம் நீங்காவிடில் அவ்வூர்க் கணக்கறிஞரை நாடுக என்றும் சேர்த்தோம். தமிழாசிரியர் சொல்லை நம்பி எவரும் அமெரிக்க அரசாங்கத்தோடு வழக்காடலாகாது. காகிதத்தின் அருமையை ஊவா மலைநாட்டார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் எம் அயலிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்தபோது உயிர்களோடும் வீடுகளோடும் பத்திரங்களும் மண்ணுக்குட் போயின. ஒரு படியையேனும் வேறோர் ஊரில், வேறொருவர் கையில் வைத்தல் தகும்.

அவருடைய இரண்டாம் கேள்வியே எம்மை அதிகம் வருத்தியது. பூனாகலையில் தனித்திருக்கும் தம் அன்னையாரைப் பேண மாதந்தோறும் பணம் அனுப்புகிறார். அதனைத் திரட்டிற் கழிக்கலாமா என்றார். இயலாது. அமெரிக்கச் சட்டத்தில் ஒருவரைத் தம்மைச் சார்ந்தவர் என்று காட்ட வேண்டுமாயின் அவர் அந்நாட்டின் குடியுரிமையுடையவராகவோ, அங்கு வதிபவராகவோ, கனடாவிலோ மெக்சிக்கோவிலோ வதிபவராகவோ இருத்தல் வேண்டும். பூனாகலை அவ்வெல்லைக்குள் இல்லை. கனடாவிலும் பெற்றோருக்கான பேணுநர் சலுகையைப் பெற, பெற்றோர் அவ்வாண்டில் எப்போதாவது கனடாவில் வதிந்திருத்தல் வேண்டும். தம்மைத் தாமே பேணுவதற்கு ஒதுக்குவதை நுணுக்கமாக அளக்கும் திரட்டு, தாயைப் பேணுவதற்குக் கடல்கடந்து அனுப்புவதைக் காண்பதில்லை.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையின் பின் தமிழகம் சென்று, நீலகிரியிலும் கொடைக்கானல் மலையடிவாரங்களிலும் குடியேறிய குடும்பங்களுக்கு வேறு விதி. இந்தியாவில் பேணற் காப்புறுதி பெரிதாக வேரூன்றவில்லை. ஆயினும் கொடுநோய்த் துணைக்காப்பு வழக்கில் உண்டு. ஒரே பத்திரத்துக்கு ஒரே பற்றுச்சீட்டில் கட்டினும், ஆயுட்காப்புறுதிப் பங்கு ஒரு கழிவிலும், நோய்த்துணைக்காப்பின் பங்கு மருத்துவக் காப்புறுதிக் கழிவிலுமாகப் பிரிக்கப்படும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இவை 80சி, 80டி என்னும் பிரிவுகள். 2026ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளுக்கென விதிக்கப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவெண்கள் வேறு. முழுத்தொகையையும் முதற்பிரிவிலே எழுதுவோர் இரண்டாம் பிரிவின் சலுகையை வீணே இழக்கின்றனர். ஆயின் இக்கழிவுகள் பழைய வரிமுறையைத் தெரிந்தெடுத்தவர்க்கே. இந்தியாவில் ஒருவர் தம் பெற்றோருக்குக் கட்டும் மருத்துவக் காப்புறுதிக்கும் தனிக்கழிவு உண்டென்பது போற்றத்தக்கது.

யப்பானில் 2000ஆம் ஆண்டு ஏப்பிரல் தொடக்கம் நாற்பது வயது நிரம்பிய யாவரும் பேணற் காப்புறுதிக்குக் கட்டாயமாகப் பணம் செலுத்துகின்றனர். செர்மனியில் 1995ஆம் ஆண்டிலேயே இது தொடங்கிற்று. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு, 1980ஆம் ஆண்டிலும் அதன் பின்னும் பிறந்தவர்க்கு இது கட்டாயமாயிற்று. அவ்விடங்களில் துணைக்காப்பு என்னும் கொடி வேண்டுவதில்லை. அரசே தனி மரம் நட்டுவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் அத்தகைய தேசியப் பேணற் காப்புறுதி இல்லை. மருத்துவக் காப்புறுதியை வரித்திரட்டில் காட்டிக் கழிவு பெறும் வழி 2020ஆம் ஆண்டு சனவரி தொடக்கம் சில காலம் திறந்திருந்தது. 2021ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச்சட்டம், மருத்துவச் செலவு, மருத்துவக் காப்புறுதிக் கட்டணம், கல்விச் செலவு, வீட்டுக்கடன் வட்டி முதலியவற்றை ஒன்றுகூட்டி ஆண்டுக்கு 1,200,000 ரூபா வரையில் கழிக்க இடந்தந்தது. எம்போன்ற ஆசிரியரின் சம்பளத்திலிருந்து ‘அக்ரஹார’ காப்புறுதிக்கென்று மாதந்தோறும் கழியும் சிறுதொகையும் காப்புறுதிக் கட்டணம் என்னும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. பொருளாதாரம் சரிந்தபின் வந்த 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அவ்வழியை அடைத்துவிட்டது. 2022 திசெம்பரோடு அது முடிந்தது. கூரைமீது சூரியகலம் பதித்து மின்வலையோடு இணைப்பவர்க்கு ஆண்டுக்கு 600,000 ரூபா வரையிலான கழிவு மட்டும் அதன்பின்னும் நின்றது. கூரைக்குக் கீழே படுக்கையிற் கிடக்கும் முதியவருக்குக் கழிவில்லை. சூரியகலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை.

எம் ஊரில் இவ்வரி யாரைத் தொடுகின்றது? 2025ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் தொடக்கம் தனியாள் நிவாரணம் ஆண்டுக்கு 1,800,000 ரூபாவாக உயர்ந்தது. 2024 செப்ரெம்பரில் வர்த்தமானி வழி குறிக்கப்பட்ட நாட்கூலி 1,350 ரூபா. மாதத்துக்கு இருபத்தைந்து நாள் தவறாது பேர் விழுந்தாலும் ஆண்டுக்கு அது 405,000 ரூபா. கொழுந்தெடுப்பவர் எவரும் வருமானவரி விபரத்திரட்டின் அருகே செல்லவேண்டியதில்லை. அப்படியாயின் இக்கட்டுரை லயத்துக்கு எவ்வகையிற் பொருந்தும் என்று மாணவர் கேட்கலாம். இத்தனை தூரம் சுற்றி வந்தது அதற்காகவே.

தோட்டத்திலே முதியவர் படுக்கையில் விழுந்தால் பேணுபவர் யார்? பெரும்பாலும் மகள், மகள் இல்லையேல் மருமகள். அவர் மலைக்குப் போவதை நிறுத்துகிறார். அமெரிக்கச் சட்டம் எண்ணிய ஆறு செயல்களையும், எண்ணாத பல செயல்களையும், விடியுமுன் தண்ணீர் சுமப்பது முதல் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வாகனம் பேசுவது ஈறாக, அவரே செய்கிறார். அதற்குப் படிவம் இல்லை. ஆயினும் கட்டணம் உண்டு. அக்குடும்பத்தின் காசுப் பெறுமதியிலிருந்து மாதந்தோறும் அது சத்தமின்றிக் கழிகின்றது. மேலே சொன்ன நாட்கூலியின்படி இருபத்தைந்து நாள் வேலையின் மாதக்கூலி 33,750 ரூபா. இஃது எல்லார் கண்ணுக்கும் தெரியும் இழப்பு.

கண்ணுக்குத் தெரியாதது இட்டமுதலின் குறைவு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி நூற்றுக்கு எட்டும், தொழில்கொள்வோர் பன்னிரண்டும் குறைந்த அளவாகச் செலுத்த வேண்டும். 33,750 ரூபாவுக்கு இவ்விருபது விழுக்காடு 6,750 ரூபா. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தால் ஏற்பட்ட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்கொள்வோர் செலுத்தும் மூன்று விழுக்காடு 1,012 ரூபா 50 சதம். ஆக மாதத்துக்கு 7,762 ரூபா 50 சதம் அம்மகளின் பெயரில் சேராது போகின்றது. அவர் பேணும் தாய்க்குரியதன்று அது, பேணுகின்ற மகளின் சொந்த முதுமைக்குரியது. ஐந்தாண்டு பேணினால் வட்டி நீங்கலாகவே 465,750 ரூபா.

பணிக்கொடையையும் பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், பதினைந்து பேருக்குக் குறையாதோரை வேலைக்கமர்த்திய இடத்தில் ஐந்தாண்டு நிறைவுற்ற தொழிலாளிக்கு, மாதச் சம்பளம் பெறாதவராயின், நிறைவுற்ற ஒவ்வோராண்டுக்கும் பதினான்கு நாட்கூலி தரவேண்டும் என்கின்றது. கணக்கிடுவது இறுதியாகப் பெற்ற கூலியின் அளவில். 1,350 ரூபா வீதம் முப்பது ஆண்டுக்கு 567,000 ரூபா. பதினைந்தாம் ஆண்டிலே தாயைப் பேணவென்று பேரை வெட்டிக்கொண்டு நிற்பவருக்கு அன்றைய கூலியில் பதினைந்து ஆண்டுக்கான கணக்கே முடியும். பின்னாளிற் கூலி உயர்ந்தாலும் அந்தப் பதினைந்து ஆண்டுகள் உயர்வதில்லை. இட்டமுதல் குறைவதென்பது இதுவே. மாதக்கூலி போனதைப் பேசும் வீட்டார், பணிக்கொடையின் ஆண்டுகள் போனதைப் பேசி நாம் கேட்டதில்லை.

ஆதலின் பேரை வெட்டுமுன் கேட்டறிய வேண்டியவை சில உள. வேலையை முற்றாக விடுவதா, சம்பளமற்ற விடுமுறையாகத் தோட்டக் காரியாலயத்தில் எழுதிக் கேட்பதா என்பதை முதலில் ஆராய வேண்டும். வாய்ச்சொல்லாகக் கேட்டது எங்கும் பதிவதில்லை. தொழிற்சங்கத் தலைவரை உடன் வைத்துக்கொண்டு, கேட்டதற்கும் கிடைத்ததற்கும் எழுத்துச் சான்று பெற வேண்டும. முன்னர் வேலைசெய்த ஆண்டுகளின் சேமலாப நிதிப் பதிவு தேசிய அடையாள அட்டையிலுள்ள பெயரோடும் இலக்கத்தோடும் ஒத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘லெட்சுமி’ ஒன்றிலும் ‘இலட்சுமி’ மற்றொன்றிலும் நின்றால் பின்னாளில் அலைச்சல் மிகும்; எழுத்துப்பிழையால் வரும் துன்பங்களுள் இதனினும் பெரியது தமிழாசிரியர்க்குத் தெரியாது. நிதியைப் பெறும் வயது பெண்களுக்கு ஐம்பது, ஆண்களுக்கு ஐம்பத்தைந்து. அவ்வயதில் எடுத்த பணம் பிள்ளைகளின் கலியாணத்துக்கும் வீட்டுக் கூரைக்குமாகச் செலவழிவது மலையகத்து வழக்கம். எழுபத்தைந்தாம் வயதுக்கு அதில் எஞ்சுவது சொற்பம்.

வெளிநாட்டிலுள்ள எம் பழைய மாணவருக்கும் இதிலே செய்யத்தக்கது உண்டு. அன்னையாருக்கு அனுப்பும் பணத்துக்கு அந்நாட்டு வரியிற் கழிவில்லை என்று மேலே சொன்னோம். அப்பணம் பெரும்பாலும் மருந்துக்கும் உணவுக்குமென்று கணக்கிட்டு வருகின்றது. பேணுகின்ற சகோதரியின் பெயரில் மாதம் 7,762 ரூபா 50 சதம், அல்லது அதற்கு அணுக்கமான தொகை, தனிச்சேமிப்பாக இடப்பட்டால் அவர் இழந்த இருபத்துமூன்று விழுக்காடு அங்கே ஈடாகும். இன்றைய நாணயமாற்றில் அஃது ஒரு மாதத்துக்கு முப்பது டொலர் அளவில் அடங்கும். எமக்கு எழுதிய அம்மாணவர் தம் துணைக்காப்புக்குக் கொடுப்பது மாதம் நூறு டொலருக்கு மேல். இக்கணக்கை அவருக்கு எழுதி அனுப்பினோம். தங்கையின் கணக்கிலக்கத்தைக் கேட்டு அவர் மறுமொழி விடுத்திருக்கிறார். படிவம் பற்றி வேறு கேள்வி கேட்கவில்லை.